கேபிளைக் கேட்டு நான் சொன்ன பொய்

மகனே, இந்த மாதக் கடைசியில் நீ வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மறுநாள் உன் மனைவி ஷீலாவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "மாமா, நீங்க சொன்ன ஒரு வார்த்தைய நம்பித்தான் இவரு இதுல எறங்கறாரு. நெஜமாவே உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தாள். மூன்று நாள் நான் பதில் போடவில்லை. நான்காம் நாள், நீ தொடங்கப்போகும் கடையின் இணையப் பக்கத்தை அம்மாவைத் திறந்து காட்டச் சொன்னேன். உன் பெங்களூர் வீட்டு சோபாவில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். அதன் கீழே, 'டெலிபோன் கேபிளோடு வாழ்ந்த என் நைனாவின் காது சொல்கிறது' என்று எழுதியிருந்தாய். படத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சொன்னதுதான் நன்றாக இல்லை.

உனக்கு எழுதும் கடிதம்தான் என்றாலும், அந்தப் பக்கத்தைப் பார்த்து வாங்க வருகிறவர்களும் படிக்கலாம் என்று நினைத்தே எழுதுகிறேன். என் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஆகவே அவர்களுக்கும் சேர்த்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்திலிருந்து வரும் பாட்டு, வீட்டில் ரௌட்டர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் வழியாக மியூசிக் பெட்டிக்குப் போகிறது. நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை முழக் கேபிளை மாற்றினால் பாட்டின் தரம் கூடும் என்பது உன் கட்சி. அப்படி ஒரு விலை உயர்ந்த கேபிளை வாங்கிப் போட்டு, பிறகு அதையே விற்கும் உரிமையும் வாங்கி, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாய். நான் கேட்டேன். "நல்லாவே தெரியுது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். எழுதக் கஷ்டமான பகுதி அதுதான், அதனால் தள்ளிப்போடுகிறேன்.

முதலில் காது. உன்னிடம் வருவதற்குப் பத்து நாள் முன்பு உன் அம்மா என்னைத் திருப்பதியில் ஒரு காது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளியே யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நான் சத்தியம் வாங்கியிருந்ததால் உனக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாள், அவள் வேறு வேலையாகக் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது அடுப்பில் பருப்பு அடிபிடித்துவிட்டது. திரும்பி வந்தவள், "குக்கரு எட்டு விசிலு வுட்டுட்ச்சி. நீ இன்னாடான்னா பக்கத்துலயே பேப்பர் படிச்சிகினு கீற" என்றாள். அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் யோசனையில் இருந்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்று பருப்பு சாட்சி சொல்லிவிட்டது.

காது சோதிக்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். சோதனை இன்னும் தொடங்கவில்லை என்றுகூட நினைத்தேன். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். வலது காது கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. இடது காதில் கனமான சத்தங்கள் மட்டும் மிச்சம், மெல்லிய உயர்ந்த சத்தங்கள் இல்லை. "என்னாள்ள நுஞ்சி சார்?" என்று தெலுங்கில் கேட்டாள். எத்தனை நாளாக என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? அவளே, இது நேற்று இன்று வந்ததில்லை, வலது காது இருபது முப்பது வருடமாகவேகூடப் போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்றாள். நான் உன்னோடு இப்போதெல்லாம் போனில் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவதற்கும், இதைக் கடிதமாக எழுதுவதற்கும் காரணம் அந்தத் தாள்தான். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவனுக்கு டெலிபோன் உதவாமல் போனதை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

அந்தக் காதோடுதான் உன் சோபாவில் வந்து உட்கார்ந்தேன். நீ ஒரு புல்லாங்குழல் கச்சேரியைப் போட்டாய். முதலில் சாதாக் கேபிளில், பிறகு உன் கேபிளில். "வாசிக்கறவரு மூச்சு இழுக்கறது கேக்குதா நைனா?" என்றாய். மூச்சு இருக்கட்டும், எனக்குப் புல்லாங்குழலே பாதிதான் கேட்டது. மிருதங்கத்தின் கனத்த தொப்பிப் பக்கம் மட்டும் நன்றாகக் கேட்டது. நான் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் நீ படம் எடுத்திருக்கிறாய்.

ஒயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒயர் குரலைக் கெடுக்கும் என்பதை என் கையாலேயே செய்து பார்த்தவன் நான். நீ அப்போது பிறந்திருக்கவில்லை. பல வருடமாக டெலிபோனுக்கு எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் இணைப்புக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்த காலம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. ரேணிகுண்டாவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நான் கேபிள் இணைத்தேன். குழிக்குள் உட்கார்ந்து, நூறு ஜோடி ஒயர்களை இந்தப் பக்கத்து ஜோடிக்கு அந்தப் பக்கத்து ஜோடி என்று முறுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி. ஜோடிகளைக் கட்டுக் கட்டாக முடித்து, ஒவ்வொரு கட்டையும் சோதித்த பிறகுதான் மூட வேண்டும். அன்று சாயங்காலம் சித்தூரில் நம் கிறிஸ்தவக் கோவில் பாட்டுக்குழுப் பயிற்சி. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிக் கட்டைச் சோதிக்காமல் மூடிவிட்டேன். ஒரு ஜோடியின் ஒற்றை ஒயர் அடுத்த ஜோடிக்குப் போயிருந்தது.

அப்படி ஆனால் இரண்டு வீட்டிலும் போன் வேலை செய்யும். ஆனால் ஒருவர் பேசுவது அடுத்தவருக்கும் மெலிதாகக் கேட்கும். ஒரு வீடு, கணவன் குவைத்தில் இருந்த ஒரு பெண்ணுடையது. அடுத்த இணைப்பு தெரு முனை அரிசிக் கடை. வெள்ளிக்கிழமை தோறும் கணவன் கூப்பிடுவான். ஒரு நாள் அரிசி வாங்கப் போனவளிடம் கடைக்காரர், "இன்னாம்மா, அங்க ரூமுல பத்து பேராமே, படுக்கவே எடம் இல்லியாமே" என்று விசாரித்திருக்கிறார். அதன்பிறகு அவள் கணவனிடம் சௌக்கியமா, சௌக்கியம் என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. புகார் வந்து நான் போனபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணா, நான் மனசு வுட்டுப் பேசி நாலு மாசம் ஆவுது. அவரு நான் மாறிட்டேன்னு நெனைக்கறாரு" என்றாள். குழியைத் திறந்து என் தப்பைப் பார்த்தேன், சரிசெய்தேன். அவளிடம், "மழைத்தண்ணி எறங்கிட்டிருந்துதும்மா, இப்ப சரியாயிட்சி" என்றேன். அவள் எனக்கு மோர் கொடுத்தாள். அந்த மோரைக் குடித்தது இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அது பழைய டெலிபோன். அதில் குரலே மின்சாரமாக மாறி ஒயரில் ஓடும். ஒயரில் என்ன சேர்ந்தாலும் குரலில் சேரும். உன் நெட்வொர்க் கேபிளில் ஓடுவது குரல் இல்லை, பாட்டும் இல்லை. எண்கள். இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது பின்னாளில் இலாகா நடத்திய வகுப்பு இல்லை, வெதுருகுப்பத்துப் பக்கம் ஒரு சின்ன சபை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர்களுடைய டெனர் தாள், அதாவது ஆண்களின் மேல் குரலுக்கான தாள், தொலைந்துவிட்டது. நம் சபைகளில் எல்லோரும் தோ, ரே, மீ என்ற சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்துத்தானே பாடுகிறோம்? நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த எழுத்துகளை டெலிபோனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். லைனில் ஒரே இரைச்சல். "மீயா, ரேயா? திருப்பிச் சொல்லுங்கண்ணா" என்று அந்த ஆள் கத்திக் கத்தி எழுதிக்கொண்டார். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் பாடினார்கள். எழுத்து சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது, பாட்டும் சரியாக இருந்தது. டெலிபோன் லைன் கரகரத்தது என்பதற்காக அவர்கள் குரல் கரகரக்கவில்லை. இன்னும் நல்ல லைனில் சொல்லியிருந்தால் இன்னும் இனிமையாகப் பாடியிருக்கவும் மாட்டார்கள்.

உன் கேபிளும் அதைத்தான் செய்கிறது. எண் தப்பாகப் போனால் பெட்டி திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு அதிலிருந்து வாசிக்கிறது. கேபிள் மோசமாக இருந்தால் பாட்டு நிற்கும், திக்கும். குழலின் இனிமை மட்டும் தனியாகக் குறையாது. எர்த் வழியாக இரைச்சல் ஏறும் என்று நீ வாதம் செய்வாய். வீட்டு எர்த் சரியில்லாமல், பெட்டியும் மட்டமாக இருந்தால், ஒரு உம்மென்ற சத்தம் வரலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் அன்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாதது போதாதென்று இன்னொரு காரியமும் செய்தேன். நான் சொன்ன பொய் மறுநாள் காலையில் என்னை உறுத்தியது. எனக்குத்தான் கேட்கவில்லை, உனக்காவது நிஜமாகக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. நீயும் ஷீலாவும் ஆபீஸுக்குப் போனதும் உன் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். முனை அடிக்கும் கருவியும் புது முனைகளும் இருந்தன. ரௌட்டரோடு இலவசமாக வந்த சாம்பல் நிற ஒயரும் கிடந்தது. உன் கேபிளின் முனைகளை வெட்டினேன். அதன் கறுப்பு நூல் உறையை உருவி எடுத்தேன். சாம்பல் ஒயரை அதற்குள் நுழைத்து, உன் உலோக மூடிகளையே இரண்டு பக்கமும் மாட்டினேன். எட்டு நிறம் எனக்குப் பழக்கமில்லாத வரிசை, இரண்டு முனை வீணாயிற்று. மூன்றாவதில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தேன்.

சாயங்காலம் நீ வந்தாய். முகம் கழுவிக்கொண்டு வந்து அதே குழலைப் போட்டாய். ஷீலா எனக்கு உப்புமா கொண்டுவந்து வைத்தாள். நீ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "பாத்தியா நைனா? நேத்து கொஞ்சம் இறுக்கமா இருந்துது. இன்னிக்கு அப்படியே தொறந்துகினு வருது. நூறு மணி நேரம் ஓடினா கேபிளு பழகிடும்னு சொல்லிகினு இருந்தேன் இல்ல?" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் உப்புமாவைப் பார்த்துக்கொண்டு, "கருவேப்பில வாசனையா கீது" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது உன் நிஜக் கேபிளைச் சுருட்டி வேட்டிக்குள் வைத்து எடுத்துவந்துவிட்டேன். நான்கு மாதமாக நீ கேட்டுக்கொண்டிருப்பது இலவச ஒயரில். நான்கு மாதமாக அம்மாவிடம் போனில், வாரத்துக்கு வாரம் சத்தம் இன்னும் நன்றாகிறது என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறாய்.

உன்னை ஏளனம் செய்ய இதை எழுதவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பகல் முழுக்க ஆபீஸில் ஓடிவிட்டு, பிடித்த பாட்டைக் காசு போட்டு வாங்கிய சாமானில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் நன்றாகத்தான் கேட்கும். அந்த சந்தோஷம் உன்னுடையது, வைத்துக்கொள். மற்றவர்களுக்கு விற்பது வேறு. என் பேச்சையும் நம்பவேண்டாம். கேபிளுக்குப் புது முனை அடித்துக் கூரியரில் அனுப்புகிறேன். ஷீலாவை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு ஒயரையும் இருபது முறை அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போடச் சொல். எதைப் போட்டாள் என்று அவள் ஒரு தாளில் எழுதட்டும், நீ ஒரு தாளில் எழுது. இருபதில் பதினெட்டு முறை நீ சரியாகச் சொன்னால், எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு, கடையைத் திற, நான் வந்து கல்லாவில் உட்காருகிறேன். பத்து, பதினொன்று என்று வந்தால், என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அவள் உன்னிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள் என்பதையும் யோசி. வீட்டில் ஒருத்தி தன் கேள்வியை வேறு ஊருக்கு அனுப்பிக் கேட்க நேர்வது நல்லதில்லை.

இனி, ஏன் அப்படிச் சொன்னேன் என்பது. உனக்குப் பன்னிரண்டு வயது. சித்தூர் கோவிலில் கிறிஸ்துமஸ் பயிற்சி. நான் குழுவை நடத்திக்கொண்டே டெனரும் பாடுவேன். பாட்டின் நடுவில் நீ கையைத் தூக்கினாய். எல்லோரும் நிறுத்தினார்கள். "நைனா, நீ சுருதிக்குக் கீழ பாடற" என்றாய். நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். "உனக்குக் காதே கெடையாதுடா. போ, போய் பெஞ்சுல உக்காரு" என்றேன். நீ போய் உட்கார்ந்தாய். அந்த வருடம் நீ பாடவில்லை. அதன்பிறகு எந்த வருடமும் பாடவில்லை. நானும் வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. காலேஜுக்குப் போனதும் நீ ஹெட்போனாக வாங்கினாய், பிறகு பெட்டிகளாக வாங்கினாய், யாருக்கும் கேட்காதது உனக்குக் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அன்று உன் வீட்டில், குழலைக் கேட்டுவிட்டு நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, நீ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய கேசட்டைப் போட்டாய். அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனை. ஷீலா என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், அதனால் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பாட்டுப் படித்த பெண். "டெனர்ல ஒருத்தர் மட்டும் எறங்கிக்கினே போறாரே, யாருங்க அது?" என்றாள். நீ என் பக்கம் திரும்பவில்லை. "தெரியல, பழைய டேப்பு, இழுத்துட்டிருக்கும்" என்றாய். டேப் இழுத்தால் எல்லாக் குரலும் சேர்ந்து இறங்கும், ஒருவர் குரல் மட்டும் இறங்காது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அடுத்த நிமிடமே, "சொல்லு நைனா, கேபிளு வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டாய். நீ அத்தனை வருடம் கழித்து என்னைக் காப்பாற்றியிருந்தாய். உனக்கு நான் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

ராஜினாமா விஷயம் உன் இஷ்டம். உனக்குக் காது இருந்தது. இல்லாதது எனக்குத்தான். அன்று நாற்பது பேர் நடுவில் சொன்னதற்கு, என்னை மன்னித்துவிடு. ஷீலா அன்று கேட்டாளே, அந்தக் கேள்விக்கும் இன்று பதில் சொல்லிவிடு. டெனரில் இறங்கிப் போனது மாமாதான் என்று சொல்.